சகுந்தலா வீட்டுப் பக்கத்து ஜன்னல்

மதுராந்தகம்
12.6.2001

கண்ணு கீர்த்தனாவுக்கு,

ஆயா எழுதுவது. வேளைக்குச் சாப்பிடு, இளைத்துப்போகாதே. நீ வரைந்து தந்த வீட்டுப் படத்தை மேஸ்திரி சடையப்பனிடம் கொடுத்துவிட்டு, உன் அத்தை பிள்ளைப்பேற்றுக்குச் சதுரங்கப்பட்டினம் போனேனே, நேற்றுதான் திரும்பினேன். சுவர் எழும்பிவிட்டது. ஏரிப் பக்கம் கேட்ட சமையலறை சகுந்தலா வீட்டுப் பக்கம் நிற்கிறது. நடுவில் ஒரு முழ அகலச் சந்துதான். ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னலில் அவள் அடுப்பு.

"உம் பேத்தி தாள்ல இன்னா கீதோ அதத்தான் கட்டினேன் ஆயா" என்கிறான் சடையப்பன்.

சகுந்தலா எனக்கு ஓரகத்தி என்பது பேருக்குத்தான். அவள் மகள் கல்யாணத்தில், இலையில் உட்கார்ந்த என்னை எழுப்பிவிட்டு அவள் பிறந்த வீட்டாரை உட்கார வைத்தவள். அன்று அவள் கட்டியிருந்த அரக்குச் சேலையின் கரைகூட எனக்கு மறக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சோறு வடிப்பேன்? நான் குடிபோகப் போவதில்லை.

மனத்தாங்கலோடு,
ஆயா சின்னப்பொண்ணு

செங்கல்பட்டு
18.6.2001

அன்புள்ள ஆயாவுக்கு,

தப்பு என்னுடையது. கட்டடப் படம் வரையும் படிப்பில் முதல் வருடம் முழுக்க வரைபலகையில் பென்சிலால்தான் வரையவேண்டும் என்றார் எங்கள் மார்கரெட் டீச்சர். எனக்கு அவசரம். சாயங்காலக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து உன் வீட்டை அதில் போட்டேன். படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்ப அதில் வசதி உண்டு. திருப்பிப் பார்த்தவள், பழையபடி மாற்றாமலே அச்சு எடுத்துவிட்டேன். எழுத்துகள் மட்டும் நேராகவே நின்றதால் கண்ணில் படவில்லை. பலகையில் ஒவ்வொரு சுவராகக் கோடு இழுத்திருந்தால், சகுந்தலா சின்ன ஆயா பக்கம் அடுப்பை வைக்க எனக்குக் கையே வந்திருக்காது.

கம்ப்யூட்டர் வகுப்பை நிறுத்திவிட்டேன். ஜன்னலை அடைக்கச் சொல். குடிபோகமாட்டேன் என்று மட்டும் சொல்லாதே ஆயா.

உன்,
கீர்த்தனா

மதுராந்தகம்
30.8.2001

கண்ணு கீர்த்தனாவுக்கு,

நீ கேட்டுக்கொண்டதற்காகக் குடிவந்துவிட்டேன். ஜன்னலை அடைக்கச் சடையப்பனுக்கு நேரம் வாய்க்கவில்லை. சாக்கைத் தொங்கவிட்டுத்தான் சமைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை விடிந்து வெகுநேரமாகியும் அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமே இல்லை. சாக்கை விலக்கினேன். சகுந்தலா தரையில் சுருண்டு கிடந்தாள்.

"ஏய், இன்னா ஆச்சு?"

"ஜுரம்க்கா."

"கூப்ட்டா வாய்ல முத்து உதுந்துடுமா?"

"நீதான் சாக்கு கட்டிகினு கீறியே."

கஞ்சி காய்ச்சினேன். சுவரைப் பிடித்து எழுந்து வந்து ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொண்டாள். மூன்று வேளையும் அப்படித்தான் போகிறது. ராசியாகிவிட்டேன் என்று நினைக்காதே. இலையிலிருந்து எழுப்பியதைக் கேட்காமல் விடமாட்டேன். முதலில் எழுந்து நடமாடட்டும்.

ஜன்னலை அடைக்கவேண்டாம். அடிக்கட்டை உயரமாக இருக்கிறது. சொம்பை நீட்டினால் எனக்குத் தோள் வலிக்கிறது, அவளுக்கும் எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து அளந்து, ஒரு சாண் இறக்கிப் படம் போட்டுக் கொடு. நிறுத்தின வகுப்பிலும் திரும்பச் சேர். பலகையில் போடுவாயோ கம்ப்யூட்டரில் போடுவாயோ, அது உன் பாடு.

ஆசையுடன்,
ஆயா