வாசலில் ஊற்றிய தண்ணீர்

ரலீத்ஸா கண்ணு,

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது. ஒற்றைக் கையால் பானையைத் தூக்காதே.

தேர்வுக்குக் கிளம்பும் பிள்ளைக்கு எல்லாம் தடையின்றி ஓடட்டும் என்று வாசலில் தண்ணீர் ஊற்றுவது நம் ப்ளோவ்டிவ் ஊர் வழக்கம்தான். காலால் உந்தும் ஸ்கூட்டரில் கிளம்பும் பிள்ளைக்கு அது ஒத்துவராது. உங்கப்பா ஊற்றிய குடத்துத் தண்ணீரில்தான் நீ வழுக்கினாய் என்று தெருவுக்கே தெரியும். ஆனாலும், “ஹெல்மெட் போட்டா ஆச்சா? நிதானம் வேணாமாடி?” என்று மந்திரி மாதிரி முழங்கி, ஸ்கூட்டரையும் பூட்டிவிட்டார். அதுவும் கை முறிந்து, தேர்வும் போன பிள்ளையிடம்!

நீ அவரோடு பேசாமல் இருப்பது நியாயம்தான். சாவி மாவு டப்பாவில். கட்டுப் பிரிக்கும்வரை தொடாதே. பிறகும் ஈரத்தைக் கண்டால் இறங்கி உருட்டிக்கொண்டு போ.

அம்மா

பி.கு.: இப்போதுதான் பார்த்தேன். அந்தச் செம்புக் குடத்தைப் பரணில், கம்பளிக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறார். அவருக்கும் தெரியும். அவருக்குச் சூப் கொஞ்சம் மிச்சம் வை.