இடது முன்னங்கால் துணி

ஐப்பசி 20, திங்கள்

காலையிலிருந்து தூறல். வேலம்பாளையமே ஊறிக் கிடக்கிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போன மெஷின் பையன்கள் இன்னும் திரும்பவில்லை. நிட்டிங் மெஷின் ஒன்றே ஒன்று ஓடுகிறது. இ.பி. கட்டணும். பருப்பு, மெஷின் ஆயில், ஐஸ் கட்டி.

ஐஸ், எங்கள் குதிரை சிட்டுவுக்கு. நேற்று இவர் அவளை வண்டியில் பூட்டி சேவூர் வரைக்கும் விரட்டிக்கொண்டு போய் வந்தார். வர்ற ஞாயிற்றுக்கிழமை வண்டிப் பந்தயத்துக்குப் பழக்குகிறாராம். இன்று இடது முன்னங்கால் வீங்கிப்போய், தொட்டால் சுடுகிறது. அவள் குட்டி சின்னவள் அம்மாவை விட்டு நகரவில்லை. இரண்டு வயதாகப் போகிறது, இன்னும் வண்டியில் பூட்டியதில்லை, ஆனாலும் பால்குடி மாதிரி ஒட்டல்.

நம் மெஷினில் இழுத்தால் விரியும் ரிப் துணி குழாயாகத்தானே இறங்குகிறது. நாலு துண்டு வெட்டி, நனைத்து, சிட்டுவின் நாலு காலிலும் மாட்டிவிட்டேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் மூன்று சொட்டுகிறது, இடது முன்னங்கால் துணி மட்டும் மொடமொடவென்று காய்ந்திருக்கிறது. அவ்வளவு சூடு. பாவம்.

கால்நடை டாக்டரம்மா வந்தார். "கடுமையா ஓடுனா சூடும் வீக்கமும் வர்றது சகஜமுங்க்கா. அடிபட்ட எடத்த ஒடம்பே சரி பண்ணிக்குது. ரெஸ்ட் குடுத்தா அடங்கிரும். அடங்கறதுக்குள்ள மறுபடி ஓட்டுனீங்கன்னா தசைநார் அந்து போயிருமுங்க." பந்தயம் கூடவே கூடாது என்றார். இவர் தலையாட்டினார். இவருடைய தலையாட்டல் எனக்குத் தெரியாதா.

ஐப்பசி 22, புதன்

வீக்கம் அப்படியே. யாரிடமோ வலியை அடக்கும் ஊசி வாங்கி வந்து இவரே போட்டுவிட்டார்.

"டாக்டரம்மாகிட்டக் கேட்டீங்களா?"

"எல்லாம் எனக்குத் தெரியும் அம்மணி."

தெரியும், ஆமாம், பெரிய மேதை. கத்தினேன். செவிடன் காதில் ஊதின சங்கு. ஆயில் வாங்க மறந்துபோச்சு.

ஐப்பசி 23, வியாழன்

வீக்கம் போன இடம் தெரியவில்லை. இவருக்கு ஒரே குஷி. "கைய வெச்சுப் பாரு அம்மணி. சூடு இல்லியே!" வைத்தேன். இல்லைதான். ஜில்லென்றுதான் இருந்தது.

மனசு கேட்காமல் நாலு காலுக்கும் ஈரத்துணி மாட்டினேன். மெஷின் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தேன். மூன்று சொட்டுகிறது. இடது முன்னங்கால் காய்ந்திருக்கிறது. துணி காய்ந்து, அடியில் கால் ஜில்லென்று.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "காத்துல காஞ்சிருக்கும்." நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிய கொட்டகையில் எந்தக் காத்து? வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று எத்தனையோ சொல்லிவிட்டேன். சிட்டு தீவனத்தைத் தொடவில்லை. குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி 26, ஞாயிறு

பந்தயத்தில் தசைநார் அந்துவிட்டது. இனி நிற்கவே முடியாது என்று டாக்டரம்மா ஊசி போட்டு அனுப்பிவைத்தார். சிட்டு போய்விட்டாள். மெஷின் ஷெட்டுக்குப் பின்னால் குழி. சின்னவள் இன்னும் கத்துகிறாள்.

ஐப்பசி 28, செவ்வாய்

வெயிலே இல்லை. இவர் சாப்பிடவில்லை. இவர்மேல் இன்னும் எரிகிறது எனக்கு.

சிட்டுவின் நாலு துணியையும் துவைத்து ஷெட்டுக்குள் கொடியில் போட்டேன். மெஷின் நிறுத்தம், ஃபேன் இல்லை. மத்தியானம் போனால் மூன்று சொட்டுகிறது. ஒன்று காய்ந்திருக்கிறது. ஏதோ கிறுக்கு என்று, காய்ந்ததில் ஒரு முடிச்சுப் போட்டு, நாலையும் மறுபடி நனைத்து, இடம் மாற்றிப் போட்டேன்.

முடிச்சுப் போட்டதுதான் முதலில் காய்ந்தது. தொட்டேன். சுட்டது. அடுப்புச் சூடு இல்லை, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிச் சூடு.

முருகா. நாலையும் வேஸ்ட் துணி மூட்டையில் திணித்து, எடுக்க வந்த வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும்.

ஐப்பசி 29, புதன்

மழை. இரண்டு பையன்கள் வந்துவிட்டார்கள், மெஷின் ஓடுகிறது. காலையில் இவர் சேணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். யாருக்கு என்றேன்.

"சின்னவளப் பூட்டிப் பாக்கலாமுன்னு... அடுத்த பந்தயத்துக்குள்ள பழக்கிரலாம்."

தாயைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. அடப்பாவி மனுசா என்று வாய்வரைக்கும் வந்தது. சண்டை போடத் தெம்பில்லை. அப்போதுதான் மெஷினிலிருந்து இறங்கிய புது ரிப்பில் நாலு துண்டு வெட்டி, நனைத்து, சின்னவளின் நாலு காலிலும் மாட்டினேன். பயம், அவ்வளவுதான்.

இவர் சிரித்தார். "ஒரு நாளும் ஓடாத குட்டிக்கு எதுக்கு அம்மணி ஈரத்துணி?"

சோறு வடித்துவிட்டு வந்தேன். இவர் குட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மூன்று துணி சொட்டிக்கொண்டிருந்தது. இடது முன்னங்கால் மொடமொடவென்று. துணிக்குள் விரலை விட்டுக் காலைத் தொட்டுக்கொண்டே, "சூடு இல்லியே அம்ம..." என்றார். விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சின்னவள் குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேணம் இப்போது வாசலில், மழையில், இவர் வீசின இடத்திலேயே. எடுத்து உள்ளே வைக்கட்டுங்களா என்று கேட்டேன்.

"கெடக்கட்டும்" என்றார்.