மருமகனுக்கு ஒரு மட்டக்குதிரை

ஆகஸ்ட் 14

"மாமா, நான் விழுந்துட்டா குதிரை என்ன பண்ணும்?"

தங்கை மகன் தாலாய் இதைக் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. காலமெல்லாம் இயற்பியல் நடத்திய வாய், சும்மா இருக்குமா? ஆப்பிள் விழுவதைச் சொன்னேன். கல் விழுவதைச் சொன்னேன். தரையில் குச்சியால் அம்புக்குறிகூடப் போட்டேன். பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது விழறவன் கதை. குதிரை?" என்றான்.

குச்சியைக் கீழே போட்டேன்.

வசந்தத்தில் அவன் அப்பாவழித் தாத்தா தோக்தோசுனின் கறுப்புக் குதிரை அவனைத் தள்ளிவிட்டு மலைமுகடு தாண்டி ஓடிவிட்டது. அழுதுகொண்டே தனியாக நடந்து வந்தான். அன்று முதல் குதிரையைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். செப்டம்பரில் அவனுக்குச் சேண விழா. ஊரார் முன்னால் குதிரையேற வேண்டும். அந்தக் குதிரையைக் கொடுக்க வேண்டியது தாய்மாமன், அதாவது நான்.

அங்கே அழுதால் என்ன ஆகும்? உதாரணம் சொல்கிறேன். என்னோடு படித்த ஒருவன் தன் விழாவில் சேணத்தை நனைத்துவிட்டான். பிறகு நீதிபதியானான். இன்றும் ஊரில், "ஈரச் சேணம் தீர்ப்புச் சொல்லிட்டாரா?" என்றுதான் கேட்கிறார்கள்.

தோக்தோசுன் சொல்லிவிட்டார்: "சம்பந்தி, நீங்க குதிரை கொண்டு வரலேன்னா என் கறுப்பன் மேலயே வச்சுக் கட்டிடுவேன். பயம் தன்னால போயிடும்."

பயம் போகுமா, பிள்ளை போய்விடுமா?

ஆகஸ்ட் 17

மேலத்தெரு இசாக்கிடம் சாதுவான சாம்பல் நிற மட்டக்குதிரை இருக்கிறது என்று போனேன். போய் உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. எங்கள் வழக்கப்படி விருந்தாளி எதைப் புகழ்கிறானோ அதை வீட்டுக்காரர் கொடுத்தாக வேண்டும். குதிரையைப் புகழ்ந்தால் கையேந்தியது போல ஆகிவிடும். புகழாமல் பேச்சை எப்படித் தொடங்குவது? கூச்சத்தில், "உங்க வான்கோழிக்கு என்ன ஒரு கம்பீரம்!" என்றேன்.

மடியில் வான்கோழியோடு வீடு வந்து சேர்ந்தேன்.

ஆகஸ்ட் 20

இன்று வேறொரு வீடு. தேநீர் கொதிக்கவைக்கும் சமோவார் கிடைத்தது.

தங்கை புருல் வாசலிலேயே நின்று சிரித்தாள். "அண்ணே, நீ குதிரை தேடப் போறியா, குடித்தனம் வைக்கப் போறியா?"

ஆகஸ்ட் 23

வெட்கத்தை விட்டேன். ஆற்றோரம் ஆடு மேய்க்கும் ஜுமாகுலின் செம்பழுப்புக் குதிரையை நேராகவே புகழ்ந்தேன். சொல்லி முடிப்பதற்குள் கயிறு என் கையில் இருந்தது. கொடுத்த வேகத்திலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் குதிரை தண்ணீரைக் கண்டால் படுத்துக்கொள்கிறது. ஆற்றின் நடுவில், என்னையும் வைத்துக்கொண்டு, எருமை மாதிரி.

காலணியை அடுப்பருகே கவிழ்த்து வைத்திருக்கிறேன். கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது.

ஆகஸ்ட் 25

தோக்தோசுன் வந்தார். செம்பழுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, "அடேயப்பா, நெஞ்சைப் பாருய்யா!" என்றார். வழக்கம் வழக்கம்தானே. கொடுத்துவிட்டேன். அவருடைய மேய்ச்சல் நிலம் ஆற்றுக்கு அக்கரையில்.

ஆகஸ்ட் 29

கடைத்தெருவில் சாகின்பாய், தவிட்டு நிறத்தில் ஒரு கிழட்டு மட்டக்குதிரை மேல், ஓட்கா விற்கும் கடை வாசலில் சிலையாக நின்றிருந்தான்.

"என்ன சாகின், இங்க நிக்கிறே?"

"நான் எங்க நிக்கிறேன் வாத்தியாரே? இவன்ல நிக்கிறான்." முகம் சிவந்துவிட்டது. "வசந்தத்துல டாக்டர் சொல்லி நான் குடிய விட்டுட்டேன். இவன் இன்னும் விடல. நான் குடிச்ச வாசல் ஒண்ணு விடாம நிக்கிறான். இறங்கி, கதவைத் தொட்டுட்டு ஏறினாத்தான் அடுத்த அடி வைக்கிறான். ஊரே சிரிக்குது."

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"சாகின், குடிச்சிருக்கறப்போ நீ விழுவியே, அப்போ?"

"விழாத நாள் ஏது? இந்தப் பக்கம் சரிஞ்சா இந்தப் பக்கம் நகர்ந்து முட்டுக் கொடுப்பான். அப்படியும் விழுந்தா, விழுந்த இடத்துலயே நிப்பான். பனியில விழுந்து கிடந்தப்பகூட, காத்துப் படாம என் மேல குறுக்க நின்னவன் இவன்."

நடுத்தெருவில் நின்று, "உன் குதிரை மாதிரி ஒரு குதிரையை நான் பார்த்ததே இல்ல" என்றேன்.

சாகின் என்னையே பார்த்தான். "இவனை யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல வாத்தியாரே." கயிற்றைக் கொடுத்துவிட்டு நாலடி போனவன் திரும்பி வந்தான். "சின்னப் பையனுக்கா? பையன் குடிக்க மாட்டானே. இவனுக்குப் பொழுதே போகாதே!"

ஆகஸ்ட் 31

சொன்னதை நம்பிப் பிள்ளையை ஏற்றலாமா? சோதனை செய்யாமல் விதி இல்லை. முற்றத்தில் வைக்கோல் பரப்பி நானே விழுந்தேன். இடப்பக்கம் விழுந்தேன். வலப்பக்கம் விழுந்தேன். வால் வழியாகவும் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் தவிடன் நின்று, திரும்பி, பழகிய முகத்தோடு என்னை முகர்ந்து பார்த்தான். வாடை வராதது அவனுக்கு ஏமாற்றம்தான்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டம்மா என் மனைவியிடம்: "வாத்தியாரும் ஆரம்பிச்சுட்டாரா? பாவம், ஓய்வு பெத்த ஆம்பளைங்க இப்படித்தான்."

தாலாய் வேலி மேல் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு, "மாமா, நீ போதும். இப்போ நான் விழறேன்."

செப்டம்பர் 4

விழுகிறான். விழுந்துகொண்டே இருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டாலும், "இன்னும் ஒரே ஒரு தடவை!"

செப்டம்பர் 9

விழா. முன்னும் பின்னும் மரக் கைப்பிடி வைத்த குழந்தைச் சேணத்தில் தாலாயை உட்கார வைத்தோம். தோக்தோசுன் தவிடனைப் பார்த்து, "இது குதிரையா, கம்பளி மூட்டையா?" என்றார். கூட்டம் சிரித்தது. பிள்ளை அழவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

முதல் வாசலிலேயே தவிடன் நின்றுவிட்டான். சேணமேறிய பிள்ளை வாசலில் நின்றால் வீட்டார் பரிசு கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். அடுத்து நின்றது கூட்டுறவுத் தலைவர் வீடு. அதற்கடுத்து மருந்துக் கடைக்காரர் வீடு. கூட்டத்துக்குச் சங்கதி புரிந்துவிட்டது. "அட, சாகின் இங்கயும் குடிச்சானா!" அதன்பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் மிட்டாயும் உலர்ந்த பாலாடைக் கட்டியுமாக ஓடிவந்து, "சீக்கிரம் போங்க, சீக்கிரம்!" என்று கெஞ்சினார்கள். மிட்டாய் வந்தாலும் நான் போய்க் கதவைத் தொட்டால்தான் தவிடன் நகர்ந்தான்.

கடைசியில், ஊருக்கெல்லாம் குடியின் கேடு பற்றிப் பேசும் தோக்தோசுன் வீட்டுக்குத் திரும்பினோம். தவிடன் வாசலில் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்கதவுக்குப் போய் நின்றான். சொந்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றான்.

தோக்தோசுன் ஒரு முழுத் தட்டு மிட்டாயை நீட்டினார். அதை வாங்கக் குனிந்த தாலாய் சரிந்து, மிட்டாயோடு கீழே விழுந்தான்.

புருல் அலறினாள். தவிடன் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான். பிள்ளை அவன் வயிற்றுக்கடியில் மிட்டாய் பொறுக்கினான். "கத்தாதீங்கம்மா. அவன் காத்துக்கிட்டிருக்கான்" என்றான். பிறகு தாத்தாவின் முழங்காலில் கால் வைத்து ஏறிக்கொண்டான்.

கம்பளி மூட்டை பற்றித் தோக்தோசுன் மறுபடி பேசவில்லை. பின்கதவு பற்றி நானும் பேசவில்லை.

செப்டம்பர் 21

தாலாய் முதன்முறையாகத் தனியாகவே குதிரையில் என் வீட்டுக்கு வந்தான். நேரமாகிவிட்டது. வழியில் எல்லா வாசலிலும் இறங்கிக் கதவைத் தொட வேண்டியிருந்ததாம். ஒரு வாசலில் சாகின் நின்று தவிடனுக்கு ஆப்பிள் கொடுத்தானாம்.

இந்தக் குறிப்பை யாராவது படித்து, அவர் பிள்ளைக்குக் குதிரை தேடுபவராகவும் இருந்தால் ஒன்று சொல்கிறேன். பல்லைப் பார்க்க வேண்டாம், குளம்பைப் பார்க்க வேண்டாம். வைக்கோலைப் பரப்பி, முதலில் நீங்கள் ஏறி ஒருமுறை விழுந்து பாருங்கள்.