வெந்நீர்த் தொட்டிக்கு ஒரு சீல்

3 மே 1999, திங்கள்

வெந்நீர்த் தொட்டி நின்றுபோய் ஆறு நாள். இந்திராநகரில் ஊர் திரும்பிய அமெரிக்கக் குடும்பத்திடம் என் கணவர் நோயல் வாங்கிய, பம்ப் வைத்துச் சுடுநீரைச் சுழற்றும் பழைய தொட்டி. ஃபேக்டரியில் விழுந்து முதுகெலும்பு அடிபட்ட பிறகு, அதில் கிடக்கும் ஒரு மணி நேரம்தான் அவருக்கு வலி விடும்.

நீலசந்திராவிலிருந்து மெக்கானிக் பழனிச்சாமி வந்து பம்ப்பைக் கழற்றினார். "சீல் போயிடுச்சு டீச்சர். தண்ணி மோட்டார்ல இறங்குது. இது இஞ்ச் சைஸ், நம்ம பம்புல எல்லாம் மில்லிமீட்டர். எஸ்.பி. ரோட்டுல தேடிப் பாருங்க."

பழைய சீலைக் கையில் கொடுத்தார். ஒரு தடித்த மோதிரம் போல இருந்தது.

5 மே

எஸ்.பி. ரோட்டில் பதினோரு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் சரியாகப் பார்க்காமலே "சிகல்லா மேடம்" என்று கன்னடத்தில் சொல்லி, கிடைக்காது எனக் கையை விரித்தார்.

6 மே

வாளி வாளியாக வெந்நீர், ஒத்தடம். முதுகு யாருக்கு வலிக்கிறது என்றே தெரியவில்லை.

9 மே, ஞாயிறு

பூசைக்குப் போக முடியவில்லை. நோயலின் அண்ணன் டொமினிக் வந்தார். "நான் இவனை உடம்பு துடைச்சு உக்கார வைக்கிறேன். நீ போயிட்டு வாம்மா நோரா."

நோயல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாம். அவ பாத்துப்பா."

அண்ணன் முன்னால் துணியில்லாமல் கிடக்க வெட்கம். பதினான்கு மாதமாக அவரைத் தொடுவது என் கை மட்டும். புரிகிறது. ஆனால் அவ பாத்துப்பா, அவ பாத்துப்பா — அவளை யார் பார்ப்பது?

12 மே

தலைமையாசிரியை போன் செய்தார். "ஜூன் ஏழு ஸ்கூல் திறக்குது. வரீங்களா, இல்ல உங்க இடத்துக்கு வேற ஆள் போடட்டுமா?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். நோயலிடம் சொல்லவில்லை.

17 மே, திங்கள்

கிடைத்துவிட்டது! ஜே.சி. ரோட்டில் பழைய ஜீப் சாமான் விற்கும் கடை. "ஜீப் வாட்டர் பம்ப் சீல்தான், அதே இஞ்ச் சைஸ். பொருந்தலன்னா மாத்தித் தரேன்" என்று கடைக்காரர் வீட்டு போன் நம்பரை எழுதிக்கொண்டார்.

பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. நின்றபடியே ஒரு காபி குடித்தேன் — ஆறவிடாமல், கடைசிச் சொட்டுவரை.

"கெடச்சுதா?" என்றார் நோயல்.

"இல்லைங்க."

எப்படிச் சொன்னேன்?

18 மே

தேடப் போவதாகச் சொல்லிவிட்டு லால்பாக்கில் உட்கார்ந்திருந்தேன். சீல் என் கைப்பையில். அவர் கட்டிலில் துடிக்கிறார். என்ன பிறவி நான்?

20 மே

இன்றும் போனேன். திரும்பியதும் நோயல் கேட்டார்: "இன்னைக்கு எந்தக் கடை?"

"சிவாஜி நகர்."

"ஜே.சி. ரோட்டுக் கடைக்காரர் போன் பண்ணாரு. திங்கக்கெழமை குடுத்த சீல் சரியா உக்காந்துச்சான்னு கேட்டாரு."

கைப்பையிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நாலு நாளா வலியில கெடக்கேன் நோரா."

"தெரியும். தேடப் போற அந்த மூணு மணி நேரந்தான் எனக்கு வெளிய. அதுவும் போயிடும்னுதான்..."

"வெளிய போகணும்னா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, வேற யாரைக் கிட்ட விடுவீங்க? ஸ்கூல்ல வரீங்களா இல்லையான்னு கேக்குறாங்க. அதையும்தான் சொல்லல."

அவர் சீலை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

22 மே

பழனிச்சாமி சீலைப் பொருத்தினார். சுடுநீர் சுழன்றது. நோயலை இறக்கினேன். கண்ணை மூடி அழுதார். மன்னிச்சிடுங்க என்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ.

30 மே, ஞாயிறு

நோயல் தாமாகவே போனை எடுத்தார். "அண்ணே, பகல்ல வந்து என்னோட இருக்க முடியுமா? தினம். நோரா ஸ்கூலுக்குப் போகணும்."

அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் பிடித்த கரண்டியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

7 ஜூன், திங்கள்

ஏழாம் வகுப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.

இடைவேளையில் ஸ்டாஃப் ரூமிலிருந்து வீட்டுக்கு போன் போட்டேன். டொமினிக் எடுத்தார். "தொட்டியிலதான் இருக்கான்மா."

பின்னாலிருந்து நோயல் அவரைத் திட்டுவது கேட்டது. கண்ணில் சோப்பைப் போட்டுவிட்டாராம்.

மணி அடித்தது. போனை வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.