பொரி தின்னாத கெண்டைகள்

சாதாரண வருஷம் (1910), சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று, வெள்ளிதோறும் ஆற்று மீன்களுக்குப் பொரி போடுவதாக என் மனைவி கோமதி வேண்டிக்கொண்டிருக்கிறாள். இன்று நானும் படித்துறைக்குப் போனேன். ஆற்றில் தண்ணீர் குறைவு. கெண்டைகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

“பொரிக்கு எப்படி ஏங்குது பாருங்க,” என்று கோமதி பூரித்துப்போனாள். நானும் இரண்டு கை அள்ளிப் போட்டேன். ஒரு மீனும் தின்னவில்லை. பொரி ஊறி மிதந்தது.

அவள் கோயிலுக்குள் போன பிறகு, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த சுடலை பக்கத்தில் வந்தான். “அது பசியில்ல மொதலாளி. மூச்சு முட்டுது. மேல என்னத்தையோ கலக்குதாவ,” என்றான். செத்து ஒதுங்கிய ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினான். சிவப்பே இல்லை, சாம்பல் நிறத்தில் சளி படிந்திருந்தது.

ஆற்றின் மேல்பக்கம் இருப்பது என் சாயப்பட்டறை ஒன்றுதான். சீமைச் சாயம் வந்ததிலிருந்து, நூல் அலசிய தண்ணீரை வாய்க்கால் வெட்டி ஆற்றில்தான் விடுகிறோம். அது சுடலைக்குத் தெரியாதா? சிவந்த என் நகங்களைப் பார்த்துவிடுவானோ என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“வெயில் அதிகம்லா,” என்றேன். வாயில் வந்தது அதுதான். அவன் செத்த மீனைக் கரையில் போட்டுவிட்டு வலைப் பக்கம் திரும்பிப் போனான்.

சற்று முன் படுக்கப் போகும்போது கோமதி சொன்னாள்: “அடுத்த வெள்ளிக்கு ரெண்டு படி பொரி வாங்கிட்டு வாங்க. பாவம், என்ன பசி அதுகளுக்கு.”

சரி என்றேன்.