அக்கா சொன்ன கருத்து

நவம்பர் 9, ஞாயிறு.

ஏற்காடு நூலகத்தில் இன்று ஒரு நாவலைப் பற்றிப் பேசினோம். அம்மாவின் சாவுக்கு வராத அக்காவைத் தங்கை மன்னிக்கும் கதை. "இவ்வளவு சீக்கிரம் மன்னிக்கிறது கதையிலதாங்க நடக்கும்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடைசி வரிசையில் என் அக்கா எழுந்தாள். எங்கள் அம்மா இறந்தபோது வராதவள். ஏழு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. நாகலூரிலிருந்து அவள் வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

"ஏனுங்க, அந்த அக்கா ஏன் வரலைன்னு தங்கச்சி ஒருக்காக்கூடக் கேக்கலையேங்க?"

என்னைக் கண்ணு என்றே கூப்பிட்டவள், யாரோ ஒருத்தியிடம் பேசுவதுபோல் ‘ங்க’ போட்டாள். நான் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் போய்விட்டாள்.

பஸ் நிற்கும் இடம் ஐந்து நிமிட நடைதான். பின்னாலேயே போய், ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கலாம். நான் வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.