பரோட்டாக் கல்லும் வெள்ளை விழுந்த கையும்

மாப்ள,

இன்று காலை ஒரு டாக்டர் என் கையைப் புரட்டிப் பார்த்தார். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகம் என்று, சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போல. ஓட்டலில் வேலை பார்க்கிறவனுக்கு வருஷா வருஷம் உடல் தகுதிச் சான்று வாங்க வேண்டும் அல்லவா, அதற்காக முதலாளி அனுப்பியிருந்தான். "இருமல் இருக்கா? வயித்தால போகுதா?" என்று கேட்டார். "போனா சொல்லி விடுறேன் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் கையில் தேய்த்தார். அந்த வாடைக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறேன். ஆறாவதோடு நின்றவன் எழுதுவது, தப்பும் தவறுமாகத்தான் இருக்கும். நீ அஞ்சாவது. உனக்குத் தெரியப் போவதில்லை.

ஆனையூர்க் கடையில் நீ பரோட்டா மாஸ்டர், நான் சால்னா மாஸ்டர். சொந்தம் ஒன்றும் கிடையாது, பக்கத்துப் பக்கத்து அடுப்பில் வெந்ததால் நீ எனக்கு மாப்ள, நான் உனக்கு மாமா. உன் பரோட்டாவை எவனாவது மெச்சினால், "சால்னா அப்பிடி, அதுல செருப்பைத் தொட்டுக் குடுத்தாலும் எறங்கும்" என்பேன். "மாமன் சால்னாவ வேற எதுலயும் தொட முடியாதுன்னுதான் நான் பரோட்டா போடுறேன்" என்று நீ மாவை வீசிக்கொண்டே சொல்வாய். சாப்பிடுகிறவர்களுக்கு நாம் சண்டை போடுகிறோமா கொஞ்சுகிறோமா என்றே பிடிபடாது.

உன் வலது கை மோதிர விரலில் முதல் வெள்ளை விழுந்தபோது மைதா ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். போகவில்லை. பிறகு மணிக்கட்டு, பிறகு இடது கை. நான் உன்னைத் துரை என்று கூப்பிட ஆரம்பித்தேன். "துரை, ரெண்டு பரோட்டா!" "துரை கையால போட்ட பரோட்டா, வெலையக் கூட வைங்கடா" என்று நீயும் கத்துவாய். வீட்டுக்குப் போனதும் கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்வாய் என்று உன் பெண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் உணவுப் பாதுகாப்பு வகுப்புக்கு ஒவ்வொரு கடையிலிருந்தும் ஆள் வர வேண்டும் என்று சொன்னார்கள். முதலாளி நம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலில் போன் பேசிக்கொண்டே நின்றான். நாம் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடத்திலும் அதே இடம்தானே.

பாடம் சொன்னது ஒரு சின்ன வயசு டீச்சரம்மா. எண்ணெயை எத்தனை முறை காய்ச்சலாம், பச்சைக் கறியையும் வெந்த கறியையும் ஏன் ஒரே கத்தியால் வெட்டக் கூடாது, யார் யார் அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். காய்ச்சல், வாந்தி, பேதி, மஞ்சள் காமாலை, கண்ணிலோ காதிலோ மூக்கிலோ ஒழுகுவது, ஆறாத புண். குணமாகிவிட்டால் வேலைக்குத் திரும்பலாம். நான் கொட்டாவி விட்டேன். நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். சந்தேகம் இருக்கிறதா என்றதும் நீ கையைத் தூக்கினாய். கையைத் தூக்கினதுமே மண்டபத்துக்கே சந்தேகம் என்னவென்று தெரிந்துபோனது. பக்கத்து நாற்காலிக்காரன் நகர்ந்து உட்கார்ந்தான்.

"டீச்சர், இது இருந்தா கல்லுல நிக்கலாங்களா?"

அந்தப் பிள்ளை இறங்கி நம்மிடம் வந்தது. உன் கையைத் தன் கையில் எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தது. "இது வெண்புள்ளி. தொத்தாது. நோய்னு கூட பயப்பட வேணாம். தாராளமா நிக்கலாம். சட்டத்துல தடை இல்ல."

வெளியே வந்து நீ ஒரு டீ வாங்கிக் குடித்தாய். எனக்கும் வாங்கிக் கொடுத்தாய், அதுதான் அதிசயம். "சட்டத்துல தடை இல்லையாம் மாமா." அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாய். "அப்ப என்னைய யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?" என்றாய். "ஒன் பரோட்டாவுக்குத்தான்டா தடை வேணும்" என்றேன். டாக்டரும் உனக்குத் தகுதி என்றே எழுதிக் கொடுத்தார். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். வேர்வையில் அது பரோட்டா மாதிரி மடிப்பு மடிப்பாகப் பிரிந்துபோனது.

உரக்கடைக்காரர் தினமும் வருகிறவர். ஒருநாள் இலையைப் பாதியில் மூடிவிட்டுக் கல்லாவில் போய், "ஏப்பா, குஷ்டக் கையால போட்டத எங்களுக்குக் குடுக்குறீங்களா?" என்று கேட்டார். உனக்குக் கேட்கும்படிதான் கேட்டார். நீ மாவை வீசுவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் வேகமாக வீசினாய், அவ்வளவுதான்.

நான் கரண்டியோடு கல்லாவுக்குப் போனேன். "அண்ணே, டீச்சரே சொல்லிருச்சு, தொத்தாதாம். டாக்டரு சர்டிபிகேட்டும் இருக்கு."

"சாப்புட வாறவன் சர்டிபிகேட்டயா பாக்குறான்? கையத்தான்டா பாக்குறான்" என்றான் முதலாளி.

மறுநாள் சாயங்காலம் ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். கேக் கடைகளில் மாட்டிக்கொள்கிறார்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் கையுறை. "கல்லுல நிக்கணும்னா இத மாட்டிக்க. கிளாஸ்லயே சொல்றாங்கள்ல சுத்தமா இருக்கணும்னு." கிளாஸில் என்ன சொன்னார்கள் என்று வாசலில் போன் பேசினவன் உனக்குச் சொன்னான். நெருப்புப் பக்கம் கையுறை கூடாது, கழுவின கைதான் சுத்தம் என்று டீச்சரம்மா சொன்னது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ என்னைப் பார்த்தாய். "பொண்ணு பாக்க வாராகளா துரை, கையில என்னமோ மினுங்குது" என்றேன். எனக்கு வாயில் வேறு எது வரும்? நீ சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டாய்.

பரோட்டா வெந்ததும் கல்லிலிருந்து எடுத்து அடுக்கி, சூட்டோடு சூடாக இரண்டு பக்கமும் கையால் அடித்தால்தான் உதிரும். நீ அடித்தாய். முதல் அடியிலேயே பிளாஸ்டிக் உருகியது. இரண்டாவது அடிக்குக் கை பிரியவில்லை, பரோட்டாவும் பிளாஸ்டிக்கும் உன் தோலும் ஒன்றாகிவிட்டன. நான் கையைத் தண்ணீர் வாளிக்கு இழுத்தேன். நீ அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அதக் கொட்டிரு மாமா, பிளாஸ்டிக் விழுந்திருச்சு. யாருக்கும் கட்டிக் குடுத்துறாத" என்றாய். முதலாளியும் ஓடி வந்தான். அவன் பார்த்ததும் அந்த அடுக்கைத்தான்.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே வந்து நின்றாய். முதலாளி அப்போதுதான் சட்டம் பேசினான். "புண்ணு இருந்தா அடுப்புப் பக்கம் வரக் கூடாதுப்பா. ரூல்ஸ்."

நான் அவனை ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ என் தோளைத் தொட்டாய். "அவரு சொல்றது சரிதான் மாமா. ஆறாத புண்ணோட நிக்கக் கூடாதுன்னுதான் கிளாஸ்ல சொன்னாக. ஆறட்டும், வாரேன். அதுவரைக்கும் கல்ல நீ பாத்துக்க."

வாழ்க்கையில் நீ மதித்த ஒரே சட்டம் அதுதான். ஹெல்மெட் போட்டதில்லை, பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமலும் போயிருக்கிறாய். அதை மட்டும் மதித்தாய்.

புண் ஆறியது. ஆறின இடமெல்லாம் வெள்ளையாக ஆறியது. சூடு பட்ட இடத்தில் அது அப்படித்தான் பரவுமாம். இரண்டு உள்ளங்கையும் சுண்ணாம்பு அடித்தது போல ஆனது. குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நீ கடைக்கு வந்தாய். கையை நீட்டினாய். "ஆறிருச்சு முதலாளி."

அவன் எட்டியே நின்று பார்த்தான். "இன்னும் ஆறலையேப்பா" என்றான்.

நீ விரலை மடக்கிக் காட்டினாய். நீட்டிக் காட்டினாய். ஒரு கையால் இன்னொரு கையை அழுத்திக் காட்டினாய். "வலிக்கல முதலாளி, பாருங்க." "ஆறலையேப்பா" என்றான் மறுபடியும். நான் உன் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன், கல் காய்ந்து புகைந்தது. "கருகுது மாமா, மாவப் போடு" என்று சொல்லிவிட்டு நீ படியிறங்கினாய்.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு குடோனுக்குக் காவலுக்குப் போனாய். தினமும் காலையில் கையைப் பார்ப்பாயாம், கொஞ்சமாவது கறுத்திருக்கிறதா என்று. ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே நெஞ்சு வலி வந்தது என்று உன் பெண்டாட்டி சொன்னாள்.

இப்போது கடையின் உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் நான்தான் மாப்ள. அந்த வகுப்பில் கொடுத்த சர்டிபிகேட்டை முதலாளி கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறான். அதிகாரி வந்தால் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவான். போன மாதம் ஊரெல்லாம் கண் நோய். முதலாளிக்கும் வந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு அடியில் விரலைவிட்டுத் துடைத்துத் துடைத்து, அதே விரலால் பார்சல் கட்டினான். உரக்கடைக்காரர் அதை வாங்கி, "கண்ணாடியில சினிமாக்காரரு மாதிரி இருக்கீக" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த பார்சலை நான் பிடுங்கிக்கொண்டேன். "கண்ணு ஒழுகினா கடைக்குள்ள வரக் கூடாதுண்ணே. ரூல்ஸ்." கடை நிறைய ஆள். எழுந்து போனான்.

குணமானதும் வந்தான். கண் பளிச்சென்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நான் கல்லை விட்டு இறங்கிப் போய், எல்லோரும் பார்க்க, அவன் இமையை விலக்கிப் பார்த்தேன். "இன்னும் ஆறலையேண்ணே" என்றேன்.

அவனுக்குப் புரிந்தது. திரும்பி வெயிலில் நடந்துபோனான். மறுநாள் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அவன் கடை, அவன் நாற்காலி, என்னைக் கேட்கவா போகிறான்.

நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய் என்றுதான் செய்தேன். ஆனால் அதைச் சொன்னபோது ஒன்று தெரிந்தது மாப்ள. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எந்தக் கஷ்டமும் இல்லை. நாக்குக் கூசவில்லை. நல்லா இருக்கிற ஒருத்தனை நேருக்கு நேர் பார்த்து, கேலி பேசுகிற அதே வாயால் அவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறது. அவனும் அன்றைக்கு இப்படித்தான் லேசாகச் சொல்லியிருப்பான். அந்த லேசுதான் எனக்கு இன்னும் கனக்கிறது.